கடல் தாண்டி வந்த கொசுறு

ஒரு காலத்தில் வார இதழ்களோடு ஷாம்பு பாக்கெட், டீத்தூள், சாம்பார் பொடி என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அப்பா புத்தகத்தை வாங்கியதும் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறுவார். எதுவும் விழாவிட்டால், "கடைக்காரன் உருவிட்டான்டா!" என்று அடுத்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு ரூபாய் ஷாம்புக்காகச் செங்கல்பட்டு வெயிலில் அரை கிலோமீட்டர் நடந்து, சண்டை போட்டு, வெற்றியோடு திரும்பி வருவார்.

அவர் தலையில் அப்போதே முடி கிடையாது.

அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது. 1999 உலகக் கோப்பை சமயத்தில் பிரிட்டானியா பிஸ்கட் உறையில் ரன் அச்சடித்து வரும், ஞாபகமிருக்கிறதா? 100 ரன் சேர்த்துக் கொடுத்தால் ஒரு கிரிக்கெட் புத்தகம். அதற்குள் சுரண்டிப் பார்க்கிற அட்டை. அதிர்ஷ்டமிருந்தால் இங்கிலாந்துக்கே போகலாம். நான் அந்தக் கோடை முழுக்கச் சோறு தின்னாமல் பிஸ்கட் தின்று சதம் அடித்தேன். இங்கிலாந்து போகவில்லை. டாக்டரிடம் போனேன்.

பி.காம். சேர்ந்த பிறகுதான் இந்தச் சமாச்சாரத்துக்கு 'விற்பனை மேம்பாட்டுச் செலவு' என்று பெயர், லாப நட்டக் கணக்கில் பற்றுப் பக்கத்தில் வரும் என்றெல்லாம் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர் மார்க்கெட்டில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. கொசுறு. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிவிட்டு, "கொஞ்சம் கறிவேப்பிலை போடும்மா" என்று பையை விரித்தால் ஒரு கொத்து வந்து விழுமே, அது. இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. கறிவேப்பிலையை அந்த அம்மா எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக் கொடுப்பார். முகம் சரியில்லை என்றால், "கறிவேப்பிலை என்ன விலை விக்குது தெரியுமா?" என்று கேட்பார். கம்பெனி கொடுக்கிற இலவசமோ உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பாக்கெட் தயாராகும்போதே விலைக்குள் போய் உட்கார்ந்துவிடும். விலைக்குள் அடங்கிய பொருளை முழு இலவசம் என்பதுபோலக் காட்டுவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் நான் திருந்தவில்லை. சிங்கப்பூருக்கு அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போனேன். அங்கே நோய் முற்றிவிட்டது.

* * *

சிங்கப்பூரில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் தெருமுனைக் கடைகள் தடுக்கி விழுந்தால் ஒன்று. நம்மூர் பெட்டிக்கடைக்குக் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இத்தனை வெள்ளிக்குப் பொருள் வாங்கினால் ஒரு ஸ்டாம்ப். ஸ்டாம்பை அட்டையில் ஒட்டி நிரப்பினால் ஒரு பொம்மை. சாவிக்கொத்து, காந்த பொம்மை, கப், குட்டிக் குட்டி மிருகங்கள்... சீசனுக்கு ஒரு செட்.

ஆசியா முழுக்கவே இந்தப் பைத்தியம் உண்டு. 2005-ல் தைவானில் செவன் லெவன் கடைகள், 77 தைவான் டாலருக்கு வாங்கினால் ஒரு ஹலோ கிட்டி காந்த பொம்மை என்று அறிவித்தன. ஆபீஸ் போகிற பெரிய மனிதர்கள் எல்லாம், 70 டாலருக்கு வாங்கிவிட்டு மீதி 7 டாலருக்கு என்ன வாங்கலாம் என்று கடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதற்கு முன்பு 2000-ல், சிங்கப்பூரிலேயே மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஹலோ கிட்டி பொம்மைக்காக விடிய விடியக் கியூ நின்றது. ஒரு கடையில் நெரிசலில் கண்ணாடிக் கதவே உடைந்து ஆட்களுக்குக் காயம். சிங்கப்பூர்க்காரர்கள் பொறுமையாகக் கியூவில் நிற்பதற்குப் பேர் போனவர்கள். அவர்களையே ஒரு பூனை பொம்மை ஆட்டி வைத்துவிட்டது.

ஜப்பான்தான் இதில் குரு. 1922-ல் வந்த கிளிக்கோ என்கிற கேரமல் மிட்டாயோடு சில வருஷங்களிலேயே குட்டிப் பொம்மை சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு அங்கே 'ஒமாகே' என்று பெயர். ஒமாகே என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? சாட்சாத் கொசுறு!

எனக்கு வந்த வினை, எட்டுப் பூனைகள் கொண்ட ஒரு செட். டாக்டர் பூனை, போலீஸ் பூனை, சமையல்காரப் பூனை என்று ஆளுக்கு ஒரு தொழில். எது எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. இங்கேதான் என் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செய்தது. எட்டும் சம எண்ணிக்கையில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை பாக்கெட் பிரிக்க வேண்டும்? எட்டு என்று சொன்னால் நீங்கள் அப்பாவி. கிட்டத்தட்ட 22! அதிலும் முதல் ஏழு சேர்வதற்கு 14 போதும். கடைசி ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சராசரியாக எட்டுப் பாக்கெட். கம்பெனியின் லாபமெல்லாம் அந்தக் கடைசிப் பூனையின் மடியில்தான் இருக்கிறது.

அந்தக் கடைசிப் பூனை, படகு ஓட்டும் பூனை.

* * *

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டங்களும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கேதான் அந்த அண்ணன் பழக்கமானார். கப்பல் பட்டறையில் வெல்டர். "நமக்கு மாபலிபுரம் பக்கம் தம்பி" என்றார். நான் செங்கல்பட்டு என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் இருந்தால் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவனை யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள்? சிங்கப்பூரில் முப்பது கிலோமீட்டர் என்றால் பக்கத்து வீடு.

அவருடைய அப்பா மீன் பிடித்தவர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் படகும் வலையும் போய்விட்டன. அதற்குப் பிறகு இவர் வெல்டிங் கற்றுக்கொண்டு கடலைத் தாண்டிவிட்டார். மகளுக்கு நாலு வயசாகும்போது கிளம்பியவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர்.

அவரும் பூனை சேர்க்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அந்தக் கடைகளில் அவர் எதுவுமே வாங்கமாட்டார். "ஒரு பாட்டில் தண்ணி விக்கிற விலையில ஊர்ல ஒரு கேன் போடலாம் தம்பி!" என்பார். பிறகு எப்படி? டார்மிட்டரியில் கூடத் தங்கியிருக்கும் பன்னிரண்டு பேரும் தூக்கிப் போடுகிற ஸ்டாம்புகளைப் பொறுக்கி ஒட்டிவிடுவார். ஒரு பொம்மை கிடைத்ததும் அன்றைக்கே மார்க்கர் பேனாவால் அடியில் தேதி எழுதிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. சேகரிப்பவர்கள் உலகத்தில் பொம்மையில் கிறுக்குவது மகா பாவம், மதிப்பு போய்விடும்.

ஒரு ஞாயிறு சொன்னார். "ஏழு பூனை ஆச்சு தம்பி. அந்தப் படகுப் பூனைதான் மாட்டேங்குது. அது கெடச்சா, எம் பொண்ணு இன்னா சொல்லுவா தெரியுமா? இது தாத்தா படகுன்னுவா. உங்களுக்குக் கெடச்சுதா?"

என்னிடம் இருந்தது. முந்தின வாரம்தான் கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்று.

"இல்லண்ணே... எனக்கும் மாட்டல" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துப் பொய் சொல்லவில்லை. நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திட்டம் முடிந்துவிட்டது, ஸ்டாக்கும் காலி.

* * *

நான் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியபோது அண்ணன் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். அவர் கடைசியாக ஊருக்குப் போன 2022-க்குப் பிறகு சேர்ந்த 43 பொருள்கள். "லீவு கெடைக்கல தம்பி. நீங்களே கொண்டுபோய் எம் பொண்ணு கையில குடுத்துருங்க." விமான நிலையத்தில் எடை இரண்டு கிலோ அதிகம் என்றார்கள். எதை எடுப்பது? பெட்டியைத் தொட மனசு வரவில்லை. உறவினர்களுக்கு வாங்கிய சாக்லேட்டை எடுத்துவிட்டேன். அதனால் இன்றுவரை மூன்று குடும்பங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெட்டியால் எனக்குக் கிடைத்த முதல் கொசுறு அந்த நிம்மதி.

வந்து மூன்று மாதம் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. போகாததற்குக் காரணம் சோம்பல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை மடியிலும் படகுப் பூனையைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். பூனையைக் கொடுப்பதா வேண்டாமா என்று போகிற வழியில் முடிவு செய்துகொள்ளலாம் என்று உத்தேசம்.

செங்கல்பட்டுக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு டிக்கெட்டோடு கொளவாய் ஏரி கொசுறு. இந்தப் பஸ்ஸுக்குத் திருக்கழுக்குன்றம் கொசுறு. ஏறக்குறையப் பாதி வழியில் மலையும் கோபுரமும் ஜன்னலுக்குள் வந்து நிற்கும். உச்சியில் வேதகிரீஸ்வரர். ஏறுவதற்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். இந்த மலையில் தினமும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, நைவேத்தியமாக வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும் என்பது ஊரறிந்த விஷயம். பறவை ஆராய்ச்சிக்காரர்கள், அது கழுகு இல்லை, மஞ்சள்முகப் பாறு என்பார்கள். பாட்டி சின்ன வயசில் பார்த்திருக்கிறாள். இப்போது வெகு வருஷங்களாக அவை வருவதில்லை. பொங்கல் அதே பொங்கல்தான். வாடிக்கையாளர்தான் வரவில்லை. நாடு முழுக்கவே பாறுக் கழுகுகள் குறைந்துபோன கதை தனி. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததுதான் பெரிய காரணம். கால்நடைகளுக்கான அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள்.

கீழே சங்கு தீர்த்தக் குளம். 12 வருஷத்துக்கு ஒருமுறை இதில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். சங்கு பொதுவாகக் கடல் வாசி. இதுவோ நல்ல தண்ணீர்க் குளம். சங்கு வெளிப்படும் நாளில் ஊரே திரண்டுவிடும். அதைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். என் பக்கத்து ஸீட் பெரியவர், "எங்க தாத்தா நாலு சங்கு பார்த்தாரு, நான் அஞ்சாவதுக்கு வெயிட்டிங்" என்றார். ஆயுளுக்கு ஐந்தோ ஆறோதான். ஸ்டாம்ப் இல்லை, அட்டை இல்லை, பொறுமை மட்டும்தான் வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கப் பத்து விநாடி பொறுக்காத நான் வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் மறுபடி கிளம்பியதும் மனசு பூனைக்கே போயிற்று. கொசுறு விளையாட்டில் சின்னப் பொய்கூட எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1992-ல் பிலிப்பைன்ஸில் நடந்தது ஒரு பாடம். அங்கே பெப்சி மூடிகளுக்குள் எண் அச்சிட்டு, பரிசு எண்ணுக்கு 10 லட்சம் பெசோ வரை என்று அறிவித்தார்கள். மே மாதம் ஒரு நாள் டி.வி.யில் 349 என்று சொன்னார்கள். ஆனால் ஏதோ கோளாறில் சுமார் 8 லட்சம் மூடிகளில் 349 அச்சாகியிருந்தது! ராத்திரியோடு ராத்திரியாக லட்சக்கணக்கான ஏழைகள் லட்சாதிபதி ஆனார்கள். விடிந்ததும் இல்லை என்றாகிவிட்டது. லாரிகள் எரிந்தன, குண்டு வீச்சு, உயிர்ச்சேதம், வருஷக்கணக்கில் கோர்ட்டு. ஒரு மூடியைப் பார்த்து, இனி பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம் என்று ஒரு ராத்திரி தூங்காமல் இருந்த ஆளை நினைத்துப் பாருங்கள். கொடுக்கிறவனுக்கு அது தகரம். வாங்குகிறவனுக்கு அப்படி இல்லை.

* * *

மாமல்லபுரத்தில் இறங்கியதும் நேராகக் குப்பத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தண்டனையைத் தள்ளிப்போடுகிற பள்ளிக்கூடப் பையன் போல ஊரைச் சுற்றினேன்.

முதலில் கடற்சிப்பி மியூசியம். ஒரே மனிதர் பல வருஷங்களாக ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்த சிப்பிகளும் சங்குகளும். கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்டுவிரல் நகத்தளவு சோழியிலிருந்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு கிளிஞ்சல் வரை. கடல் யாரிடமும் காசு வாங்காமல் கரையில் ஒதுக்கிய கொசுறு. அவர் அதை மற்றவர்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார். நான் என்னுடையதைச் சூட்கேஸில் பூட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்து ஐந்து ரதம். வழிகாட்டி ஒருவர் வடநாட்டுக் கூட்டம் ஒன்றுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்தவர்கள், எந்த ரதத்தையும் முழுதாக முடிக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல். முழுமையாகாத செட்டை 1984-ல் யுனெஸ்கோவே பட்டியலில் சேர்த்திருக்கிறது!

இன்னொரு ஆறுதலும் இதே ஊரில் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பிய மாலுமிகள் இந்தக் கரைக்கு 'ஏழு கோயில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கரையில் நிற்பது ஒரே ஒரு கடற்கரைக் கோயில். மீதி ஆறு கடலுக்குள் என்பது நம்பிக்கை. ஏழில் ஆறு மிஸ்ஸிங்! சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது தண்ணீருக்குள் வரிசையாகக் கற்கள் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு வந்த அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டு ஒன்றை வெளியே காட்ட, 2005-ல் தொல்லியல் துறை தோண்டியதில் பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. இதைப் பற்றி ஒருமுறை சிங்கப்பூரில் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எடுத்தது மொத்தம் தம்பி... குடுத்தது கொசுறு" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு எதுவும் இல்லை.

சிற்பக் கடை வீதியில் டக் டக் என்று உளிச் சத்தம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு கடையில் உள்ளங்கையளவு பிள்ளையார் வாங்கினேன். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று. கடைக்காரர் மாக்கல்லில் செய்த ஒரு குட்டி ஆமையை எடுத்துப் பையில் போட்டார். "இது நம்ம கொசுறு சார்." என் முகம் சரியாகத்தான் இருக்கிறது போலும்.

* * *

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் தள்ளி அந்தக் குப்பம். வலை காய்கிற வாசனை. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வா நைனா, குந்து. என் புள்ள எப்படிக்கீறான்?" என்றார். அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. பொம்மை வயசு தாண்டிவிட்டது. நான் பெட்டியை நீட்டியபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இனிமேல் இதை வைத்து என்ன செய்யப் போகிறாள்?

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு நோட்டும் எடுத்து வந்தாள். டின்னில் பழைய பொம்மைகள். நோட்டின் முதல் பக்கத்தில், கழுவிக் காயவைத்து வெட்டி ஒட்டிய ஆவின் பால் பாக்கெட். 2022-ல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டை போட்டுக் கும்பிடு போடுகிற 'தம்பி' குதிரையைப் பால் பாக்கெட்டில்கூட அச்சிட்டார்களே, அது. உலகமே வந்து விளையாடிவிட்டுப் போன திருவிழாவில் இந்தப் பெண்ணுக்கு மிஞ்சிய கொசுறு.

பிறகு பெட்டியைப் பிரித்தாள். நான் எதிர்பார்த்தது பூனைகளை ஒரு வரிசை, சாவிக்கொத்துகளை ஒரு வரிசை. எந்தச் சேகரிப்பாளனும் அப்படித்தான் அடுக்குவான். அவள் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் இருந்த தேதியைப் பார்த்தாள். பூனை, கப், காந்தம், பூனை என்று தாறுமாறாக, ஆனால் தேதி வாரியாக அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

"இது என் பொறந்தநாளு" என்று ஒரு சாவிக்கொத்தைத் தனியாக வைத்தாள். "இது தீபாவளி. அன்னிக்குக்கூட வேலைக்குப் போயிருக்காரு பாருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது பொம்மை செட் இல்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். நான் படித்துப் பட்டம் வாங்கினேன். ஆடிட் பண்ணியது அவள்.

கொஞ்ச நேரம் கழித்து நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சித்தப்பா, போன வருஷம் மார்ச் மாசம் முழுக்க ஒண்ணுமே இல்லியே. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

போன வருஷம் மார்ச்சில் அண்ணன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். போனில்கூடக் குரலைச் சரிசெய்துகொண்டுதான் பேசினார். அத்தனை பேரை ஏமாற்றியவர், பூனைகளை ஏமாற்ற மறந்துவிட்டார்.

அண்ணி மோர்ச் செம்போடு நின்றுவிட்டார். பாட்டியும் என்னையே பார்த்தார்.

"ஓவர்டைம்மா... அந்த மாசம் செம வேலை" என்றேன். இரண்டாவது பொய். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

அவள் என் முகத்தை ஒரு விநாடி பார்த்துவிட்டு, நோட்டில் மார்ச் மாதத்துக்கு நேரே 'ஓ.டி.' என்று எழுதிக்கொண்டாள். பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறியும் போட்டாள். நல்ல ஆடிட்டர் அப்படித்தான் செய்வார்.

இதற்குமேல் தாங்காது என்று சட்டைப் பையிலிருந்து படகுப் பூனையை எடுத்து நீட்டினேன். முகம் மலர்ந்தது. "ஐ... படகு! நம்ம தாத்தா படகு!" அண்ணன் சொன்னது அப்படியே. அடுத்த விநாடி, பழக்கதோஷத்தில் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதுல தேதியே இல்லியே?"

"அது வந்து... உங்கப்பா சேர்த்தது இல்லம்மா. என்கிட்ட இருந்தது. உங்கப்பா கேட்டப்போ இல்லைன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டேன். பாட்டி 'களுக்' என்று சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பூனையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தாள்.

"அப்போ நீங்களே வெச்சிருங்க சித்தப்பா. அப்பா ஊருக்கு வந்ததும் அவர்கிட்டயே குடுங்க. அவரு தேதி போட்டுக் குடுக்கட்டும். அப்புறம் வாங்கிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரியாக எழுத வேண்டும் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

* * *

கிளம்பும்போது பாட்டி ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். வாளைக் கருவாடு. "எங்கூட்டுக் கொசுறு நைனா." அந்தக் கொசுறின் மகிமையால் திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற ஸீட்டில் நான் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்து வந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, பெட்டி பத்திரமா போயிடுச்சு. ஆனா அந்த மார்ச் மாசத்தை நீங்களே சொல்லிடுங்க. உங்க பொண்ணு கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கண்டுபுடிச்சிட்டாளா?" என்றார். குரலில் பயமா, பெருமையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. படகுப் பூனை சமாசாரத்தையும் சொல்லிவிட்டேன். "எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. உங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் பையை வாங்கி, தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறினார். கருவாடு விழுந்தது. பிள்ளையார் விழுந்தார். ஆமை விழுந்தது. கடைசியாகப் படகுப் பூனை விழுந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, ஓசியா?"

"இல்லப்பா. சஸ்பென்ஸ் அக்கவுன்ட். வேற ஒருத்தர் பேருக்கு மாத்தணும். அவர் வர்ற வரைக்கும் தொடாதீங்க!"